அம்மா தனியாக எடுத்து வைத்த பொங்கல்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்கு 31 வயது. ஊர் கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் கிறிஸ்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை. ஊர்க்காரர் ஒருவர் அந்தப் போட்டோவை வாட்ஸ்அப்பில் அப்பாவிடம் காட்டிவிட்டார். அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, சாமிக்குப் படைப்பதற்கு முன்பே அம்மா எனக்கென்று ஒரு தூக்குவாளியில் பொங்கலைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அதையும் நான் சாப்பிடவில்லை. வருகிற ஆவணியில் தங்கை மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். ஒரே தாய்மாமன் நான்தான். மடியில் உட்கார வைக்க வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தங்கை போனில் அழுகிறாள். அப்பாவுக்குக் கிட்னி பழுது, வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். 'கொள்ளி வைக்க மாட்டான்னா அவன் என் பொணத்தத் தொடக் கூடாது' என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இதற்கு நடுவில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். கல்யாணம் முடியும்வரை விஷயத்தை வெளியே விடாதே என்கிறார்கள். மதம் மாறுவது சட்டப்படி குற்றம், சொத்திலும் பங்கு கிடையாது என்கிறார் சித்தப்பா. எங்கள் போதகரோ, 'உன் வீட்டாரே உனக்குச் சத்துரு, உறுதியாக நில்' என்கிறார். உறுதியாகத்தான் நிற்கிறேன். ஆனால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. நான் செய்வது சரியா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் அந்தத் தூக்குவாளியிடம்தான் நின்றுவிட்டேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். காதுகுத்து, கொள்ளி, கல்யாணம் எல்லாம் அப்புறம்.

உங்கள் அம்மா என்ன செய்தார் என்று கொஞ்சம் பாருங்கள். பொங்கல் பானை பொங்கி இறங்கியிருக்கிறது. வாசலில் இலை போட்டாகிவிட்டது. வீட்டுக்காரர் சூடம் ஏற்றக் காத்திருக்கிறார். அந்த நேரத்தில், யாரும் கவனிப்பதற்கு முன்னால், பானையிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துத் தூக்குவாளியில் போட்டு மூடி ஓரமாக வைக்கிறார். சாமிக்குப் படைக்கும் முன்னால் எடுத்ததை மாமியார் காலத்தில் செய்திருந்தால் வீடே ரெண்டுபட்டிருக்கும். கிராமத்தில் வளர்ந்த உங்களுக்கு இது தெரியும். தான் கும்பிடுகிற சாமிக்கு முன்னால் தன் மகனுடைய மனச்சாட்சிக்கு அவர் இடம் கொடுத்திருக்கிறார். அதற்காகத் தன் மனச்சாட்சியையும் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறார். உங்கள் விசுவாசத்தை உங்கள் வீட்டில் முதன்முதலாக மதித்த ஆள் அவர்தான். நீங்கள் அந்தத் தூக்குவாளியைத் திறக்கவே இல்லை.

விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வி கொரிந்து பட்டணத்துச் சபையில் எழுந்து, அப்போஸ்தலர் பவுல் அதற்குத் தன் கடிதத்தில் அதிகாரம் அதிகாரமாகப் பதில் எழுதியிருக்கிறார். சந்தையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. நம்பாதவன் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டால், போக மனமிருந்தால் போய், வைத்ததைச் சாப்பிடு. இது படைத்தது என்று ஒருவன் சொன்னால் மட்டும், சொன்னவனுக்காக விட்டுவிடு. இதுதான் அவர் சொன்னதன் சாரம். உங்கள் அம்மா வைத்தது படைத்ததே இல்லை. படைப்பதற்கு முன் எடுத்தது. எவ்வளவு கறாராகப் பார்த்தாலும் அதில் தடை ஒன்றும் இல்லை. வேதம் படிக்காத அந்த அம்மா அந்த அதிகாரத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார். உங்களுக்குப் புத்தி சொன்னவர்கள்தான் அவசரமாகப் படித்திருக்கிறார்கள்.

கோபப்படாதீர்கள். நான் நாலு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பாளையங்கோட்டையில் பிறந்தவள். எனக்கு இதெல்லாம் சொல்வது லேசு, உங்களுக்குத்தான் கஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். நினைப்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போகவில்லை என்பதெல்லாம் எங்களுக்கு இன்று கதை. உங்களுக்கு அது நேற்று ராத்திரி வந்த போன். ஆனால் இருபது வருஷமாகக் குடும்ப ஆலோசனை என்று உட்கார்ந்திருக்கிறேன். மதம் மாறியதால் உடைந்த வீடுகள் என்று என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் உடைந்தது மதத்தால் இல்லை. மறைத்ததாலும் மூஞ்சியைத் திருப்பியதாலும் உடைந்தவை அவை.

உங்கள் அப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மகன் ஞானஸ்நானம் எடுத்தது அவருக்கு எப்படித் தெரிந்தது? டீக்கடையில் ஒருவர் போனை நீட்டி, 'இது உம்ம மவன்தானே' என்று கேட்டிருப்பார். அந்த இடத்தில் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? ஆமாம் என்றா, எனக்கு முன்னமே தெரியும் என்று பொய்யா? மூன்று வருஷப் பேச்சற்ற கோபத்தில் இயேசுவுக்கு எவ்வளவு பங்கு, அந்த டீக்கடைக்கு எவ்வளவு பங்கு என்று நீங்கள் ஒருநாளாவது கணக்குப் போட்டதுண்டா? நம்பியதற்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. மறைத்ததற்குக் கேட்கத்தான் வேண்டும்.

எங்கே கேட்பது என்றால், டயாலிசிஸ் வார்டில். நாலு மணி நேரம் கையில் ஊசியோடு படுத்திருப்பார், எழுந்து போக முடியாது. நீங்களும் எழுந்து போகாதீர்கள். (குறும்பாகத்தான் சொல்கிறேன், ஆனால் இப்படி நடந்து பார்த்திருக்கிறேன்.) ஒரு தடவை போதாது. மாதத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டு வாருங்கள், வேளை பார்த்துத் தண்ணீர் அளந்து கொடுங்கள், ஆட்டோவில் கைத்தாங்கலாகக் கூட்டிப் போங்கள். முதல் மூன்று தடவை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். நாலாவது தடவை, 'டீ குடிச்சியா' என்பார். அப்போது சொல்லுங்கள்: 'அப்பா, ஒங்ககிட்ட சொல்லாம செஞ்சது தப்புதான். இயேசுவ நம்புறது தப்புன்னு எனக்குத் தோணல, அத விடவும் மாட்டேன். ஆனா நான் ஒங்க மகன்ங்கிறதுல ஒரு மாத்தமும் இல்ல.' இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். வசனம் வேண்டாம், துண்டுப்பிரதி வேண்டவே வேண்டாம்.

பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை இயேசு எவ்வளவு காட்டமாகக் கேட்டார் என்று மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. அடுத்த தடவை ஜெபக்கூடத்தில் 'வீட்டாரே சத்துரு' என்ற பிரசங்கம் வந்தால் அதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்தச் சத்துரு வசனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மத்தேயு பத்தாம் அதிகாரம். சீஷர்களை ஊர் ஊராக அனுப்பும்போது, உங்களுக்கு என்னென்ன நடக்கும் என்று இயேசு எச்சரிக்கிற இடம் அது. பிடித்துக் கொடுப்பார்கள், அடிப்பார்கள், வீட்டார் எதிராவார்கள் என்கிறார். நமக்கு வரப்போவதைச் சொன்னாரே தவிர, நாம் போய்ச் செய்ய வேண்டியதாக எதையும் அங்கே சொல்லவில்லை. சமாதானத்தை அல்ல, பட்டயத்தை, அதாவது வாளை, அனுப்ப வந்தேன் என்கிறாரே, அந்தப் பட்டயத்தைச் சீஷன் கையில் கொடுத்ததாக நான் எங்கும் படித்ததில்லை. உங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் உங்களை அடிக்கவில்லை, துரத்தவில்லை. வேதப் புத்தகத்தைப் பிடுங்கியதாகக்கூட நீங்கள் எழுதவில்லை. அப்பா பேசவில்லை, தங்கை அழுகிறாள், அம்மா பொங்கல் எடுத்து வைக்கிறார். இவர்களையா சத்துரு என்கிறார் உங்கள் போதகர்?

நிஜமாகவே துரத்தப்பட்டவர்கள் இந்தச் சீமையில் இருந்திருக்கிறார்கள். சாத்தான்குளம் பக்கம் முதலூர் என்று ஊர் இருக்கிறதே, 1799-ல் அது உண்டானதே அப்படித்தான். சொந்த ஊரில் இருக்க முடியாமல் அடிபட்டு வந்த புதுக் கிறிஸ்தவர்கள் குடியேற இடம் வாங்கி உண்டாக்கிய ஊர். அவர்களுக்கு வேறு வழி இல்லை. உங்களுக்கு வீட்டு வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது. அதை நீங்களே வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினால் அதற்கு உபத்திரவம் என்று பெயர் வைக்க முடியாது.

சரி, காதுகுத்து. எது வழிபாடு, எது வெறும் ஊர் வழக்கம்? மதுரையில் இந்தக் கேள்விக்கு நானூறு வயது. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, தன்னிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளட்டும், அதெல்லாம் சமூக அடையாளம், சாமி கும்பிடுவது இல்லை என்றார். கூட இருந்த பாதிரியார்களே அவர்மேல் ரோமாபுரிக்குப் புகார் எழுதினார்கள். வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதோடு முடிந்ததா? 1704-ல் ரோமிலிருந்து வந்த தூதர் ஒருவர் புதுச்சேரியில் உட்கார்ந்து, இப்படி அனுமதித்து வந்த பல வழக்கங்களுக்குத் தடை போட்டார். போப்பும் தூதர்களும் நூறு வருஷம் அடித்துக்கொண்ட விஷயத்துக்கு உங்கள் ஜெபக்கூடத்தில் ஐந்து நிமிஷத்தில் பதில் கிடைத்திருக்கிறது என்றால், அந்தப் பதிலைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். போதகர்கள் எல்லாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தாய்மாமன் மடி வழிபாட்டுப் பொருள் இல்லை. அது முறை. பிறந்த வீடு உன் பிள்ளைக்குப் பின்னால் நிற்கிறது என்று புகுந்த வீட்டுக்காரர்கள் முன்னால் உங்கள் தங்கைக்குச் சொல்கிற இடம் அது. அந்த இடத்தில் ஆள் இல்லையென்றால் அவள் அழுவது சாமிக்காக இல்லை. அதே தாய்மாமன் சீரை நாங்கள், பரம்பரைக் கிறிஸ்தவர்கள், சர்ச் மண்டபத்தில் மேளம் வைத்துச் செய்கிறோம். சொந்தச் சாதியில் பெண் தேடுவதையும் எந்தச் சங்கடமும் இல்லாமல் செய்கிறோம், எங்களில் பல போதகர்கள் உட்பட. அதைப் பற்றி யாரும் உங்களிடம் 'உறுதியாக நில்' என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இராஜாக்கள் புத்தகத்தில் நாகமான் கதை தெரியுமல்லவா? சீரியா தேசத்துப் படைத்தளபதி. யோர்தானில் ஏழு தடவை முழுகிக் குஷ்டம் நீங்கியதும், எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து, இனி உங்கள் கடவுளைத் தவிர வேறு யாருக்கும் பலியிட மாட்டேன் என்கிறான். உடனே தயங்கி ஒன்று கேட்கிறான். என் ராஜா ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வார், அப்போது நானும் குனிய வேண்டி வருமே, அதைக் கர்த்தர் மன்னிப்பாரா? எலிசா பிரசங்கம் பண்ணவில்லை. சமாதானத்தோடே போ என்றார், அவ்வளவுதான். நாகமான் அதைச் சரி என்று வாதாடவில்லை, மன்னிப்பாரா என்றுதான் கேட்டான் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சட்டமாகச் சொல்லாமல் அபிப்பிராயமாகச் சொல்கிறேன். அங்கே ராஜா சாய்ந்தது கைமேல். இங்கே உங்கள் மடிமேல் சாயப் போவது மொட்டை போடப் பயந்து அலறப் போகிற ஒரு வயசுப் பிள்ளை.

போவதென்றால் இப்படிப் போங்கள். முன்கூட்டியே தங்கையிடமும் மாப்பிள்ளையிடமும் பேசிவிடுங்கள். 'வர்றேன், பிள்ளைய மடில வெச்சுக்கிறேன், கம்மல் என் செலவு. ஆனா கும்பிட மாட்டேன், திருநீறு பூசிக்க மாட்டேன், கிடா வெட்டுற எடத்துல நிக்க மாட்டேன். பூசாரிகிட்ட நீங்களே சொல்லி வெச்சிருங்க, அங்க வெச்சு எந்தப் பேச்சும் வேண்டாம்.' பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கோயில் வாசலில் கூட்டத்துக்கு நடுவில் தட்டைத் தட்டிவிடுவதுதான் அவர்களுக்கு அவமானம். ஆடி மாதமே போனில் சொல்லிவிட்டால் அது வெறும் ஏற்பாடு. இவ்வளவு யோசித்தும் உங்கள் மனச்சாட்சி கோயில் எல்லைக்குள் போக இடம் கொடுக்கவில்லை என்றால், அதை அழுத்திக்கொண்டு போகாதீர்கள். மொட்டை கோயிலில் நடக்கட்டும், காதை வீட்டில் என் மடியில் வைத்துக் குத்துவோம் என்று கேளுங்கள். ஆசாரி வீட்டுக்கும் வருவார். ஆனால் எதுவானாலும் அன்றைக்கு ஊரில் இருங்கள். கோவையிலிருந்துகொண்டு 'ஜெபிக்கிறேன்' என்று மெசேஜ் அனுப்பாதீர்கள்.

கொள்ளிக்கும் ஏறக்குறைய இதே பதில்தான். உடலை எரிப்பது கிறிஸ்தவத்துக்கு விரோதம் இல்லை. கத்தோலிக்கச் சபையே 1963-ல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. அப்பா இந்துவாக வாழ்ந்தவர், தன் முறைப்படிப் போக விரும்புகிறார். அது அவர் உரிமை. உங்கள் சாட்சியைச் சொல்லும் மேடையாக அவர் சாவை ஆக்காதீர்கள். பாடைக்குத் தோள் கொடுப்பதும் சிதைக்குத் தீ வைப்பதும் மகனுடைய வேலை, செய்யலாம் என்பேன். பிண்டம் வைப்பது, இறந்தவருக்குப் படையல் போடுவது, திதி கொடுப்பது எல்லாம் வேறு. அதில் உங்களால் பங்கெடுக்க முடியாது. அதைப் பங்காளிகளில் ஒருவர் செய்யட்டும். யார் என்பதை அப்பாவிடமே கேட்டு வையுங்கள். டயாலிசிஸ் வார்டில் ஆறேழு மாதம் உட்கார்ந்த பிறகு அந்தப் பேச்சு தானாக வரும். அவராகவே எடுப்பார்.

கல்யாண விஷயத்தில்தான் நீங்கள் அசையவே கூடாது. வேடிக்கை என்னவென்றால், பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் அவ்வளவு முறைத்த நீங்கள், இதைக் கடிதத்தில் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். பெண் வீட்டாரிடம் மறைத்துத் தாலி கட்டுவது உங்கள் வீட்டார் கேட்கிற விட்டுக்கொடுத்தல் இல்லை, இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குச் செய்கிற மோசடி. உங்கள் அப்பாவுக்கு நடந்த அதே வாட்ஸ்அப் போட்டோ நாளைக்கு மாமனாருக்கும் போகும். எந்தப் பெண்ணைப் பார்க்கப் போனாலும் முதல் நாளே, நான் ஞானஸ்நானம் எடுத்தவன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவேன் என்று சொல்லுங்கள். பத்து வரன் தட்டிப் போகட்டும். தெரிந்தும் சம்மதிக்கிற பெண் இந்துவாக இருந்தால், 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் யாரும் மதம் மாறாமலே பதிவு செய்துகொள்ளலாம். முப்பது நாள் நோட்டீஸ் காலம் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டு மண்டபம் பிடியுங்கள்.

சித்தப்பாவின் சட்டம் பாதிகூடச் சரியில்லை. தமிழ்நாட்டில் 2002-ல் ஒரு மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது உண்மை. அதுவும் கட்டாயப்படுத்தியோ, ஆசை காட்டியோ, ஏமாற்றியோ மாற்றுவதைத்தான் தடுத்தது. 2004-ல் அரசே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மதம் மாறியதால் மகனுக்குப் பங்கு போய்விடாது என்பது 1850-லேயே வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சட்டம். அப்பா தன் சுயசம்பாத்தியத்தை உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அது எல்லா மகன்களுக்கும் பொது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மாறியவருக்கு அதற்குப் பின் பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை எழும் சமயத்தில் இந்துவாக இல்லாவிட்டால், தாத்தா முதலான இந்து உறவினர்களின் சொத்துக்கு வாரிசு ஆக முடியாது என்று 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. தேவைப்பட்டால் வக்கீலைப் பாருங்கள், ஆனால் சித்தப்பாவிடம் இதை வாதாடாதீர்கள். சொத்துக்குத்தான் வந்தான் என்று ஆகிவிடும்.

நீங்கள் எந்தச் சமூகம் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டியல் சாதி என்றால் மட்டும் இந்தப் பத்தியைப் படியுங்கள். 1950-ஆம் வருஷத்து உத்தரவுப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே அந்தப் பட்டியலில் வர முடியும். தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். ஞானஸ்நானம் எடுத்தபின் பழைய சான்றிதழை நீட்டுவது சரியில்லை என்று 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த உத்தரவே அநியாயம் என்பது என் கருத்து. அதற்காகப் போராடலாம். ஆனால் பொங்கலைத் தொடாதவர் பழைய சான்றிதழோடு வேலைக்கு விண்ணப்பித்தால், அதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

கிருஷ்ணபிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நம் நெல்லைக்காரர்தான். அசல் வைணவக் குடும்பம். சாயர்புரத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர், 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். அவரும் உறுதியாகத்தான் நின்றார். ஆனால் கம்பனைத் தூக்கி எறியவில்லை. கம்பனிடம் படித்த தமிழை வைத்தே கிறிஸ்துவுக்குக் காப்பியம் பாடினார். கிறிஸ்தவக் கம்பர் என்றே பெயர் வாங்கினார். எதை விட வேண்டும், எதைக் கையோடு எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் போதகரோடு சண்டை போட வேண்டாம். அவரும் உங்களைப் போல ஒரு வீட்டை விட்டு வந்தவராக இருக்கலாம். முடிவு எடுத்தபின் போய்ச் சொல்லுங்கள், அனுமதி கேட்காதீர்கள். ஊர் எல்லையில் யாராவது கை நீட்டினாலோ மிரட்டினாலோ அது வேறு கதை, நேராகப் போலீஸ் ஸ்டேஷன். அதற்கு எந்த அக்காவிடமும் யோசனை கேட்க வேண்டாம்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மாவுக்குப் போன் போடுங்கள். அந்தத் தூக்குவாளிப் பொங்கலை அன்றைக்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். மாட்டுக்கு வைத்தாரா, தானே சாப்பிட்டாரா, யாருக்கும் தெரியாமல் கொட்டினாரா? அவர் சொல்லும்வரை குறுக்கே பேசாதீர்கள். அப்புறம் தங்கைக்குப் போட்டு, பிள்ளைக்குக் கம்மல் எத்தனை கிராமில் எடுக்கலாம், கோவில்பட்டியில் எடுக்கவா, இங்கே கோவையில் எடுக்கவா என்று கேளுங்கள்.